வலது கண்ணின் நீளம்

மலேசியாவில் சிகாமட் பக்கம் ஒரு மருத்துவமனையில் கண்களை அளப்பது என் வேலை. கண்புரை அறுவைக்கு முன்னால் கண்ணின் நீளம் தெரிந்தாக வேண்டும். அதை வைத்துத்தான் உள்ளே பொருத்தும் லென்ஸின் பவரை முடிவு செய்வார்கள். பெரும்பாலோருக்கு ஒளியால் அளக்கும் கருவி போதும். புரை முற்றி ஒளி நுழைய வழியில்லாதவர்களை என் அறைக்கு அனுப்புவார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, பேனா போன்ற கருவியின் நுனியால் கருவிழியை மெல்லத் தொடுவேன். ஒலி கண்ணின் பின்சுவர் வரை போய்த் திரும்பும். திரையில் கூர்கூராகக் கோடுகள் எழும்.

அந்த அம்மா ஒரு காலை நேரத்தில் வந்தார். அறுபது வயதிருக்கும். லாபிஸ் தோட்டப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் காரில் வந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வெளியே அவர் ஒருவர்தான் இருந்தார். ஆனாலும் அசையாமல், வேறு யாரோ எழுந்து வருவார்கள் என்பதுபோல் காத்திருந்தார். இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் எழுந்தார்.

அடையாள அட்டையான ஐசியின் நம்பரைத் தடுமாறாமல் சொன்னார். கட்டிலில் படுக்க வைத்தேன்.

"வலது கண்ணு முதல்ல. நேரா மேல பாருங்கம்மா."

கண்ணைச் சிமிட்டவே இல்லை. திரையில் இருபத்தொன்று புள்ளி ஒன்பது மில்லிமீட்டர் என்று வந்தது. கொஞ்சம் குட்டையான கண். குறித்துக்கொண்டிருந்தபோது, பதிவறையிலிருந்து அவருடைய பழைய கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள்.

திறந்து பார்த்தேன். எட்டு வருடத்துக்கு முன்பே வலது கண்ணில் அறுவை முடிந்து, செயற்கை லென்ஸ் வைத்தாயிற்று என்று இருந்தது. கண்ணின் நீளம் இருபத்தாறு புள்ளி நான்கு. கீழே கையெழுத்து என்னுடையது.

கோப்பு மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஐசி நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். அதே நம்பர். ஆனால் என் எதிரே இருந்த கண்ணில் பிறவி லென்ஸ் பால்போல வெளுத்து அப்படியே இருந்தது. எடுத்துப் போட்ட லென்ஸ் திரும்ப வந்து உட்காராது. கண் நாலரை மில்லிமீட்டர் சுருங்காது. மறுபடி தொட்டேன், மறுபடியும். ஒவ்வொரு முறையும் கருவி 'பீப்' என்றது, அதே இருபத்தொன்று புள்ளி ஒன்பது. இதே கட்டிலில், இதே பெயருள்ள ஒருவரின் கண்ணை நான் தொட்டிருக்கிறேன். அந்த முகம் நினைவுக்கு வரவே இல்லை.

"அம்மா, இந்தக் கண்ணுல முன்னாடி ஆப்பரேஷன் பண்ணியிருக்கா?"

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "பண்ணியிருக்காங்க" என்றார்.

"யாருக்கு?"

"அக்காவுக்கு."

அவர் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினார். கதவு சாத்தியிருந்தது.

"அப்ப நான் வெளிய உக்காந்திருந்தேன், மிஸ்ஸி. கண்ணு தெரிஞ்சதும் அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் வெள்ளம் வந்துச்சு. ஆட்ட அவுத்துவிடப் போனவங்க வரவே இல்ல. உடம்பும் கெடைக்கல. அவங்க ஐசி அலமாரியில இருந்துச்சு. எனக்குப் பொறந்த சூராட்டே, பொறப்புப் பத்திரமே எடுக்கல, ஐசிக்கு எங்க போறது? அதக் காட்டித்தான் வேலைக்குச் சேந்தேன்."

"இத்தன வருஷமா அவங்க பேருலதான் இருக்கீங்களா?"

"ஆமா. யாராச்சும் அந்தப் பேரக் கூப்பிட்டா, அக்கா வர்றாங்களான்னு மொதல்ல பாப்பேன். வரலன்னாதான் நான் எந்திரிப்பேன்."

என்னால் கதவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"போலீஸ்ல சொல்லுவீங்களா, மிஸ்ஸி?"

"டாக்டர்கிட்ட சொல்லித்தாம்மா ஆகணும். அக்கா அளவ நம்பி லென்ஸ் வச்சா உங்களுக்குப் பார்வை சரியா வராது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் டாக்டரிடம் சொன்னேன். சமூகநலப் பிரிவிலிருந்து ஒரு மலாய் அம்மா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதினார். அறுவை தள்ளிப்போனது. காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்ற உறுத்தல் எனக்குப் பல நாள் இருந்தது. அறையில் தனியாக இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ முறைக்காகக் காத்திருப்பதுபோலத் தோன்றும். கதவைத் திறந்தே வைத்தேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து வந்தார். அவருடைய சொந்தப் பெயரில் ஒரு கடிதம் கையில் இருந்தது. குடியுரிமை மனு விசாரணையில் இருக்கிறது, சிகிச்சை கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அக்கா காணாமல் போனதையும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"எழுதிக் குடுத்தப்புறம்தான் அக்கா செத்தாங்க, மிஸ்ஸி" என்றார்.

புதிய கோப்பில் புதிதாக அளந்து எழுதினேன். வலது கண்ணில் அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் முகம் கழுவ வேண்டும் என்றார். விழுந்துவிடப் போகிறார் என்று கூடவே போனேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பதால் துணியை நனைத்துக் கொடுத்தேன். துடைத்துவிட்டு நிமிர்ந்தவர் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்து அப்படியே நின்றார். தன் முகத்தை அவர் தெளிவாகப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. அக்கா வெள்ளத்தில் போன வயதுதான் இப்போது அவருக்கு.

"எப்ப வந்தீங்க?" என்று மெல்லக் கேட்டார்.

பின்னால் நின்ற என்னைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "கூடவேதாம்மா இருக்கேன்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இடது கண்ணையும் பிறகு செய்தார்கள். இப்போது துணைக்கு யாரும் இல்லாமல் அவரே பஸ் ஏறி வருகிறார்.