நான் போகாத ஞாயிற்றுக்கிழமை

கொள்ளு ஐம்பது, பச்சைப்பயறு ஐம்பது, வெள்ளை மொச்சை ஐம்பது. முந்தின நாள் மாலையே எண்ணி மூன்று காகிதப் பொட்டலங்களாகக் கட்டிவைத்துவிடுவேன். காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் மறுபடியும் பிரித்து எண்ணுவேன். ஒன்று குறைந்தால்கூட வகுப்பில் கணக்கு உதைக்கும் என்ற கவலை எனக்கு. திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தினேன். பரிணாமப் பாடம் வந்ததும், இயற்கைத் தேர்வு என்று கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால், பிள்ளைகளை ஆய்வகத்துக்குப் பின்புறம் உள்ள செம்மண் தரைக்கு அழைத்துப் போவேன்.

நூற்றைம்பது விதைகளையும் அங்கே தூவுவேன். நான்கு பேர் கோழிகள். விசில் ஊதியதும் முப்பது நொடிக்குள், இரண்டு விரலால், ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பொறுக்கியதை எண்ணிக் கழித்தால் தரையில் எத்தனை தப்பித்தன என்று தெரியும். தப்பித்த ஒவ்வொன்றும் ஒரு குட்டி போட்டதாகக் கணக்கிட்டு, அதே விதையில் அத்தனையைச் சேர்த்துத் தூவுவேன். மூன்றாவது சுற்று முடியும்போது மொச்சை அநேகமாக இருக்காது. மண்ணின் நிறத்தோடு நிறமாகக் கிடக்கும் கொள்ளு மட்டும் பெருகியிருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அந்த வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். கண்ணாடி போட்ட ஒரு பையன் கோழியாக இருந்தான். அவன் முப்பது நொடியில் ஆறு விதைதான் பொறுக்கினான்.

"சார், இந்தக் கோழிக்குக் கண்ணு தெரில சார். பட்டினி கெடந்து சாவப்போவுது" என்றான் ஒருவன்.

"அது நாட்டுக்கோழிடா. நீ பிராய்லரு. உன்ன மொதல்ல அறுத்துடுவாங்க" என்று கண்ணாடிப் பையன் திருப்பிக் கொடுத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாடம் அதோடு பாதி முடிந்த மாதிரிதான். வகுப்புக்குத் திரும்பியதும் மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கூட்டேரிப்பட்டில் இறங்கி உள்ளே போகும் ஒரு ஊரிலிருந்து வருபவள். அதிகம் பேசமாட்டாள்.

"சார், ஒத்துவராத கொணத்த இயற்கை கழிச்சிடும்னு சொல்றீங்க. அப்பறம் ஏன் சார் அது ஒரே வீட்ல திரும்பத் திரும்ப வருது?"

நல்ல கேள்வி. முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஐந்து பேர்கூட இருக்கமாட்டார்கள். எனக்கு உற்சாகமாகிவிட்டது. "கோழிக்கு விதையோட தோல்தான் தெரியும். உள்ள என்னா இருக்குதுன்னு தெரியாது இல்லியா?" என்று தொடங்கினேன். சில குறைகள் ஒளிந்து வாழும். ஒருவரிடம் அதன் பிரதி ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. அவர் நன்றாகவே இருப்பார், பிள்ளை பெறுவார், இயற்கைத் தேர்வின் கையில் சிக்கமாட்டார். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு சேரும்போதுதான் குறை வெளியே வரும். இரண்டு பேரிடமும் அது ஒளிந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினேன்.

"அந்த ரெண்டு பேரும் ஒரே குடும்பமா இருந்தா சார்?"

"ஒரே தாத்தா பாட்டிகிட்டயிருந்து ரெண்டு பேருக்கும் வந்திருக்கலாம். அதனால சேர்றதுக்கு வாய்ப்பு அதிகம்" என்றேன்.

சொல்லிவிட்டு நான் ஏன் கரும்பலகையை அவ்வளவு அவசரமாக அழித்தேன் என்று வகுப்பில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மதிய இடைவேளையில் அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"சார், எங்கம்மா எங்கப்பாவுக்கு அக்கா பொண்ணு. எங்க தம்பிக்குக் காது கேக்காது. பேச்சும் வர்ல. இப்ப எங்கம்மாவோட தம்பியத்தான் எனக்குப் பேசி வச்சிருக்காங்க. பரீட்ச முடிஞ்சி, எனக்குப் பதினெட்டு ஆனதும் கல்யாணம்."

"உனக்கு இஷ்டம் இல்லியாம்மா?"

"மாமா நல்லவருதான் சார். அவரு மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா எந் தம்பி மாதிரியே... அவன வளக்கறதுக்கு எங்கம்மா படற பாட்டப் பாத்துக்கினுதான் சார் இருக்கேன். நீங்க வந்து எங்கப்பாவாண்ட சொல்லுங்க சார். நான் சொன்னா நாலெழுத்து படிச்ச திமிருன்னுவாரு. வாத்தியாரு சொன்னா கேப்பாரு. ஞாயித்துக்கெழம வாங்க சார்."

"வர்றேன்" என்றேன்.

என் மனைவி என் அக்கா மகள். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது முப்பத்து மூன்று வருடம். இன்றும் அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. மூத்தவள் பதினொரு நாள் இருந்தாள். அடுத்தவன் இரண்டு வருடம் நான்கு மாதம் இருந்தான். அவனுக்குக் கடைசிவரை கழுத்து நிற்கவில்லை. பெண் போனபோது மருத்துவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பையனைப் பார்த்த மருத்துவர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, நீங்கள் இருவரும் என்ன உறவு என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு குழந்தை வேண்டாம் என்றார்.

வெளியே வந்து மனைவியிடம், உன் உடம்பு தாங்காதாம் என்று மட்டும் சொன்னேன்.

அவளுக்கு அவளாகவே ஒரு காரணம் கிடைத்திருந்தது. பெண் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று தெரியாமல் கத்தரிக்காய் நறுக்கிவிட்டாளாம். எங்கள் பக்கத்தில் கர்ப்பிணிகள் கிரகண நேரத்தில் கத்தியையோ அரிவாள்மனையையோ தொடமாட்டார்கள். தொட்டதன் பலன்தான் இரண்டு பிள்ளைகளும் போனது என்று அவள் நம்பினாள். கிரகணம் என்பது வெறும் நிழல் என்று வருடந்தோறும் வகுப்பில் சொன்ன நான், வீட்டில் ஒருநாளும் சொல்லவில்லை. கத்தரிக்காய் இல்லையென்றால் வேறென்ன என்று அவள் கேட்பாள். நீயும் நானும்தான் என்று சொல்ல வேண்டும். அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவர்கள் என் தாயும் என் அக்காவும். என் அக்கா அவளைப் பெற்றவள். இவள் யாரை நோவாள்? என்னைக் கட்டிக்கொண்டதால் என்று நினைத்துவிட்டால் பிறகு எப்படி ஒரே வீட்டில் இருப்பது?

கூட்டேரிப்பட்டில் என் மனைவியின் சித்தி வீடு இருந்தது. அந்தப் பெண்ணின் ஊருக்குள் போய், சொந்தத்தில் கட்டாதீர்கள், பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒரு வாத்தியார் சொன்னால் அன்று மாலைக்குள் அது சித்தி காதுக்கு வரும். மறுநாள் என் வீட்டுக்கு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். கூட்டேரிப்பட்டில் நிற்கும் பேருந்துகள் நான்கு வந்தன, நான்கும் போயின. ஐந்தாவது வந்தபோது எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் உடம்பு சரியில்லை என்றேன். "பரவால்ல சார். அடுத்த ஞாயிறு வாங்க" என்றாள். அடுத்த வாரம் விருந்தாளி வந்தார்கள் என்றேன். மூன்றாவது வாரம் அவளே கேட்பாளோ என்று பயந்து, "மொதல்ல பாடத்தப் படிம்மா, பரீட்ச வருது" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. வகுப்பில் கேள்வியும் கேட்கவில்லை.

தேர்வெல்லாம் முடிந்து ஒருநாள், அவளும் அவள் அப்பாவும் பள்ளிக்கு வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், கல்யாணப் பத்திரிகை. அவர் ஆசிரியர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான்கு ஏக்கர் வைத்துச் சொந்தமாக வேர்க்கடலை பயிர் செய்பவர். கைவிரல்களில் மண் கறை இருந்தது.

"குடும்பத்தோட வரணும் சார்" என்றார். பிறகு, "அன்னிக்கு நீங்க வருவீங்கன்னு பொண்ணு சொல்லிச்சி. ஞாயித்துக்கெழம பூரா ஊட்லயேதான் சார் இருந்தேன். மல்லாட்ட புடுங்க ஆளுங்கள வரச்சொல்லிட்டு, நான் போவல. என்னா சார் விசயம்? பொண்ணக் கேட்டா, சாரே சொல்வாருங்குது."

அறையில் எங்களைத் தவிர யாருமில்லை. அந்தப் பெண் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதில் இன்னமும் நம்பிக்கை இருந்தது. பத்திரிகை அடித்துத் தட்டில் வைத்துக் கொண்டுவந்த பிறகும், இப்போதாவது நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "நல்லாப் படிக்கிற பொண்ணு. மேல படிக்க வைங்கன்னு சொல்லலாம்னு நெனச்சேன்."

"அதுக்கென்னா சார், உள்ளூர்லயே என் அக்கா ஊட்டுக்குத்தான போறா. படிக்கட்டும்" என்று அவர் சிரித்தார்.

அவள் கீழே பார்த்தாள். வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. உயிரியலில் அந்த வருடம் அவள்தான் முதல் மதிப்பெண். கல்லூரியில் சேரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கடுத்த வருடமும் அதே பாடத்தை நடத்தினேன். விதைகளைத் தூவினேன், எண்ணினேன். ஒரே வீட்டில் ஏன் திரும்ப வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடுதான் ஓய்வு பெற்றேன்.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம். போன மாதம் மனைவியின் கண் பரிசோதனைக்காக விழுப்புரம் போயிருந்தோம். அவளுக்குப் புரை எடுத்து இருபத்தெட்டாவது நாள். அரசு மருத்துவமனை வராந்தாவில் எங்களுக்கு முன்னால் பதினேழு பேர். மனைவிக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்தது, நான்கு வயதுப் பெண். மனைவி அதன் முதுகுப் பக்கமிருந்து, "உம் பேரு என்னா கண்ணு?" என்று கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். குழந்தை திரும்பவில்லை.

"அவளுக்குக் காது கேக்காதும்மா" என்று சொல்லிக்கொண்டே தாய் வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். "நல்லா இருக்கீங்களா சார்?"

அவள்தான். தலையை ஆட்டினேன். குழந்தைக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க வந்ததாகச் சொன்னாள். என் மனைவி அவளை விடவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்தே இப்படியா, பேச்சு வருமா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எந் தம்பிக்கு இருக்குதும்மா."

"சொந்தத்துலயா கட்டிக்கினே?"

"எங்க மாமாவத்தாம்மா. அப்பவே சார் வந்து எங்கப்பாவாண்ட சொல்றேன்னாரு..."

"என்னா சொல்றேன்னாரு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "சாரையே கேளுங்கம்மா" என்றாள். அவள் கணவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நின்றான். அவன் இறங்கி வந்து எங்கள் இருவருக்கும் கும்பிட்டுவிட்டு, மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவர்கள் போய்விட்டார்கள்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் மனைவி கேட்கவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றபோதுதான் கேட்டாள். "என்னா மாமா சொல்றேன்னீங்க?"

சொன்னேன். அந்தப் பெண்ணிலிருந்து தொடங்கி, அந்த மருத்துவர் தனியே கூப்பிட்டுச் சொன்னதுவரை சொல்லிவிட்டேன். கரும்பலகை இல்லாமல், கட்டம் இல்லாமல், முதல் தடவையாக அந்தப் பாடத்தை ஒருவருக்குச் சொன்னேன். அவள் கண்ணில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. சாலையோரம் கிலோமீட்டர் கற்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்பதுவரை எண்ணினேன்.

"நம்ப கத முடிஞ்சிபோச்சி மாமா" என்றாள். "ரெண்டும் போயிடுச்சி. என்னா காரணமா இருந்தா என்னா, நான் அழுததுதான அழுதேன். ஆனா அந்தப் பொண்ணு வாயத் தொறந்து கேட்டிச்சே. எனக்குத் தெரிஞ்சிடும்னு பயந்துக்கினா அதுக்குச் சொல்லாம இருந்தீங்க?"

கையிலிருந்த பயணச்சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு வயித்துல இன்னொண்ணு இருக்குது. பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வராந்தாவில் எத்தனை பேர் என்று எண்ணியவன், அதைப் பார்க்கவில்லை.

"இப்ப சொல்றதுக்கு எதுனா இருக்குதா, இல்லியா?"

"இருக்குது" என்றேன். "பொறந்த ஒடனே காது சோதிக்கணும். கேக்கலன்னா தள்ளிப்போடாம வைத்தியம் பாக்கணும். சின்னதுலயே பாத்தா பேச்சு வர்றதுக்கு வழி இருக்குது."

கூட்டேரிப்பட்டு வந்தது. அவள் எழுந்து நின்றாள். "எறங்குங்க" என்றாள். எங்கள் சீட்டு திண்டிவனத்துக்கு எடுத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். இறங்கினோம்.

வெயில் நடு உச்சியில் இருந்தது. அவள் கண்ணுக்கு ஆகாதே என்று கவலையாக இருந்தது. "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். ஊர்ப் பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் அப்பா பெயர் ஏழு வருடத்தில் மறந்துவிட்டது. அந்த வீட்டுக்கு நான் ஒருநாளும் போனதில்லை.

மனைவியே ஆட்டோ நிறுத்தத்துக்குப் போனாள். ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே ஒரு வீட்டில் காது கேளாத பெண்குழந்தை இருக்கிறது, நான்கு வயதிருக்கும், அந்த வீட்டுக்குப் போகணும் என்றாள்.

ஆட்டோக்காரர் யோசித்தார். "பொண்கொழந்தையா? அந்த ஊர்ல அப்பிடி மூணு ஊடு இருக்குதேம்மா" என்றார். "நீங்க எந்த ஊட்டக் கேக்கறீங்க?"

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மூணுக்கும் போலாம்" என்றேன்.