கேடயத்துக்கே போன புள்ளிகள்

கணவர் மூக்கண்டப்பள்ளிக்கு ஷிப்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை அது. மகள் நிலா குளிக்கப் போகும்போது வீடியோ கேமை என்னிடம் கொடுத்தாள். அவள் பல வாரமாக வளர்த்த வீராங்கனைக்குப் புதிய புள்ளிகள் கிடைத்திருந்தன. வாளுக்கும் கேடயத்துக்கும் பிரித்துப் போடச் சொன்னாள். யோசித்து யோசித்து, எல்லாவற்றையும் கேடயத்திலேயே போட்டேன்.

வந்து பார்த்தவள் கத்தினாள். "என்னம்மா, வாளுக்கு ஒண்ணுகூட இல்ல?"

"அடி படக்கூடாதுன்னுதான் கண்ணு."

"அடி படாது. ஆனா ஒரு பூதத்தக்கூட ஜெயிக்க மாட்டா. என்னை எங்கயும் விடாத மாதிரி அவளையும் வெச்சுட்ட!"

மாற்ற வழியில்லையாம். முதலிலிருந்து தொடங்கினாள். புது வீராங்கனைக்குக் கேடயமே இல்லை, இரு கையிலும் வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் பூதமே வீராங்கனையைத் தள்ளிவிட்டது. நிலா சிரித்துக்கொண்டே மறுபடி எழுப்பினாள். விழுவதை அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் தவித்தவள் நான்தான்.