‘ம்’ கொட்டிய சாயங்காலங்கள்

இன்று காலை அடுப்பில் நொச்சி இலை கொதித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஜலதோஷம். ஒரு தும்மலுக்கே உயில் எழுத உட்கார்ந்துவிடுகிற ஆள் அவர். போர்வைக்குள் தலையை நுழைத்து ஆவி பிடித்தபடி முனகிக்கொண்டிருந்தார். அந்தப் பச்சை வாசனை வீடு முழுக்கப் பரவியதும் நான் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். இதே வாசனை ஒரு சமயம் என்னை விட்டுப் போயிருந்தது. அந்தக் கதையை உங்களிடம் சொல்லவில்லை, இல்லையா?

ஊரடங்குக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் நான்கு பேர் ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து கவிதை வாசிப்போம். நான், பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற எஸ்தர் அக்கா, ஜங்ஷனில் இரும்புக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, முக்கூடலில் வாழை போட்டிருந்த முருகன். பெரிய கவிஞர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கவிதைகளை எங்களைத் தவிர தாமிரபரணி மீன்கள்தான் கேட்டிருக்கின்றன. அவையும் பொரி போட்டால்தான் வரும்.

ஆனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. கதை கேட்கிற மாதிரி கவிதைக்கும் ‘ம்’ கொட்டுவோம். வாசிப்பவர் ஒரு வரியை முடித்து நிறுத்துவார், மற்றவர்கள் ‘ம்’ என்பார்கள், அப்புறம்தான் அடுத்த வரி. நல்ல வரி என்றால் அண்ணாச்சியின் ‘ம்’ நீளும். சுமாரான வரிக்குக் குட்டையாக ஒன்று வரும். எங்கள் விமர்சனம் அவ்வளவுதான்.

ஊரடங்கு வந்ததும் படித்துறை போய் செல்போன் வந்தது. அலுவலகக் கூட்டங்களில் கற்றுக்கொண்ட பெருமையில், முதல் நாளே எல்லோருடைய மைக்கையும் நான் அணைத்துவைத்தேன். எஸ்தர் அக்கா ஒரு வரி வாசித்து நிறுத்தினார்கள். காத்திருந்தார்கள். பிறகு திரையை உற்றுப் பார்த்தார்கள்.

“ஏட்டி, எல்லாரும் போயிட்டியளா? கெணத்துக்குள்ள பேசுத மாதிரில்லா இருக்கு.”

அவசரமாக எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். அண்ணாச்சி கோபமாகவே இருந்தார். “ம் கொட்டாம என்னம்மா கவிதை? இனி ஒருத்தரும் மைக்க அமத்தக் கூடாது.”

அன்றிலிருந்து எங்கள் கவிதைகளுக்குள் குக்கர் விசில் அடித்தது, பக்கத்து வீட்டுச் சண்டை புகுந்தது. முருகனுடைய ஆடு, எஸ்தர் அக்கா உருகி வாசிக்கும் இடமாகப் பார்த்துக் கத்தும். “அதுக்கும் புரியுது டீச்சர்” என்பான் முருகன்.

இரண்டாவது அலையில் எனக்கும் கொரோனா வந்துவிட்டது. மாடி அறையில் தனியாகப் படுத்திருந்தேன். வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே ஸ்டூலில் கஞ்சியையும் நொச்சி வெந்நீரையும் வைத்துத் தட்டிவிட்டு இறங்கிப் போவார். ஆவி முகத்தைச் சுட்டதே தவிர வாசனை வரவில்லை. பேச வாயைத் திறந்தால் இருமல். கீழே மகள் சிரிப்பது கேட்டால், இவளை இனிமேல் பார்ப்பேனா என்று பயம் வரும். ‘பேச முடியவில்லை, இனி நான் வரமாட்டேன்’ என்று குழுவில் எழுதிப் போட்டேன். அண்ணாச்சியின் குரல் பதில் வந்தது.

“நீ ஒண்ணும் வாசிக்க வேண்டாம். ம் மட்டும் கொட்டு. அதுவும் முடியலன்னா மைக்க மட்டும் தொறந்து வையி. மூச்சுச் சத்தம் கேட்டாப் போதும்.”

வாரம் ஒருமுறை நடந்த கூட்டம் எனக்காகத் தினமும் நடந்தது. கவிதைகள் தீர்ந்ததும் முருகன் உர மூட்டையில் அச்சிட்டிருந்ததை வாசித்தான். அதற்கும் ‘ம்’ கொட்டினோம். நான் கொட்டியது எனக்கே கேட்காது. ஆனாலும் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் எனக்காக நிறுத்தினார்கள்.

ஒருநாள் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. கதவு உடைகிற மாதிரி தட்டுகிற சத்தத்தில்தான் விழித்தேன். அண்ணாச்சி போன் செய்து சொல்ல, வீட்டுக்காரர் படியில் செருப்பைத் தவறவிட்டு ஓடி வந்திருந்தார். நான் கதவைத் திறந்ததும் அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். போனைச் சார்ஜில் போட்டுத் திறந்தால் மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள். எஸ்தர் அக்கா அழுதுகொண்டிருந்தார்கள்.

“மூதி, சார்ஜ் போட்டு வைக்க மாட்டியா? நாங்க என்னத்தட்டி நெனைக்க?”

அப்படி ஒரு வசவு வாங்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். நான் பிழைத்ததற்கு மருந்துக்கும் மருத்துவருக்கும் நன்றி சொல்லியாகிவிட்டது. பிழைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த வசவில்தான். சில நாள் கழித்து ஒரு காலையில் நொச்சி மணத்தது. கீழே கேட்கும்படி கத்தினேன்.

பஸ் ஓடத் தொடங்கியதும், நேரில்தான் பார்க்கலாமே என்று போன் கூட்டத்தை நிறுத்தினோம். நேரில் பார்ப்பதும் குறைந்து நின்றுபோனது. அண்ணாச்சி கடையைக் கொடுத்துவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். எஸ்தர் அக்காவால் முட்டுவலியோடு படித்துறையில் இறங்க முடியாது. முருகன் ஆட்டை விற்றுவிட்டு கங்கைகொண்டானில் கம்பெனி வேலைக்குப் போகிறான்.

போன மாதம் ஒரு கூட்டத்தில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். குளிரூட்டிய அரங்கு, நல்ல கூட்டம். முதல் வரியை வாசித்துவிட்டு, பழக்கதோஷத்தில் ‘ம்’ வரட்டும் என்று நிறுத்தினேன். வரி மறந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். அந்த மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்த நேரம் அது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?