வியாழக்கிழமைகளில் வந்த திரேசா அக்கா

செவ்வாய் காலை பங்குத்தந்தை தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, திரேசா அக்கா விடியப்புறம் போயிட்டா" என்றார். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் கோலியர்ஸ் வுட்டில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அமர்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். மன்னாரிலிருந்து வந்தவர். பல்பொருள் அங்காடியில் காசாளர். என்னைவிட இளையவர் என்றாலும், எல்லோரையும் போல நானும் அக்கா என்றே அழைத்தேன்.

நோயாளரின் வீடுகளுக்குப் பூசையின் நற்கருணை அப்பத்தைக் கொண்டுசெல்ல அவரைப் பங்குத்தந்தை நியமித்தபோது, பங்குப்பேரவைச் செயலாளரான நான் எதிர்த்தேன். "சுவாமியின்ரை கையாலை வாங்கித்தான் எங்களுக்குப் பழக்கம்" என்றேன்.

"நான் ஒரு ஆள் அண்ணை. எத்தினை வீட்டுக்கு ஓடுறது? இது உங்கள் எல்லாருக்குமான பணிதான்" என்றார் பங்குத்தந்தை.

அடுத்த ஞாயிறு பூசையிலும் அக்கா நற்கருணை கொடுத்தார். என் இருக்கைக்கு நேரே நின்றார். நான் சுற்றிப் போய்ப் பங்குத்தந்தையின் வரிசையில் சேர்ந்தேன். பலர் என் பின்னால் வந்தார்கள். அக்கா முன்னால் மூன்று பேரே நின்றார்கள்.

மறு ஆண்டு எனக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டில் கிடந்தபோது, ஒரு வியாழக்கிழமை வேலைச் சீருடையோடு அக்கா வந்தார்.

"ஃபாதர் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். "விருப்பமில்லாட்டிப் பரவாயில்லை அண்ணை. செபம் மட்டும் சொல்லிப்போட்டுப் போறன்."

அடுத்த வியாழனும் அப்படியே. மூன்றாம் வியாழன் எனக்கே பொறுக்கவில்லை. "நான் செய்தது தெரிஞ்சும் ஏன் வாறீங்கள்?"

"தெரியும். அண்டைக்கு வீட்டை போய் அழுதனான். ஆனா நீங்கள் என்னை ஏற்க வேணுமெண்டு நான் வரேல்லை. உங்களுக்குப் பசிக்கும் எண்டுதான் கொண்டு வாறன்."

அன்று அவர் கையால் நற்கருணை வாங்கினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதை விடுங்கோ, இன்னும் ரண்டு வீடு கிடக்கு" என்று எழுந்துவிட்டார்.

குணமான பின் நானும் பயிற்சி பெற்று அந்தப் பணியில் சேர்ந்தேன். வீடுகளைப் பிரித்துக்கொண்டோம். கடந்த ஆண்டு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவருடைய வீடுகள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. கடைசியில் அவர் வீடும் வந்தது.

போன வியாழன் அவருக்கு நற்கருணை கொடுத்தேன். கண்மூடிச் செபித்துவிட்டு, "அடுத்தது ஆற்றை வீடு?" என்று கேட்டார்.

"ஞானம் ஐயா வீடு."

"அவருக்குக் காது கேளாது. பலமாச் செபியுங்கோ. உடனை எழும்பி வந்திடாதேங்கோ, கொஞ்ச நேரம் இருங்கோ."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

இன்று ஞானம் ஐயாவிடம் செய்தியைச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை, தெருவுக்கே கேட்கும்படி, அக்கா இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் உடனே எழுந்து வரவில்லை, அக்கா. நீங்கள் ஆறுதலாக உறங்குங்கள்.