எழுந்துவிட்டேன் என்று ஒரு மிஸ்டு கால்

லிஃப்ட்காரரை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தது அவர் மனைவிதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். நூலகத்து மாடியில் ஓர் அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா, மனசு ஒடிந்துபோய் ஒட்டவைத்துக்கொண்டு வந்த நாங்கள் ஏழெட்டுப் பேர். இவ்வளவுதான் கூட்டம்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஒருநாள் வேலைக்குக் கிளம்பிக் கருவிப்பையைத் தோளில் மாட்டியவர், மத்தியானம் வரை வாசலிலேயே நின்றிருக்கிறார். "காலு வரலண்ணே" என்றார் என்னிடம். முதன்முதலாகப் பேசியது அதுதான். நான் பேக்கரியில் அடுப்படி ஆள். எனக்கும் ஒரு காலத்தில் கால் வராமல் இருந்ததுண்டு. அதனால் பிடித்துப்போயிற்று. பார்த்ததும், "இன்னிக்கு மேலயா, கீழயா?" என்று சீண்டுவேன். "நடுவுல மாட்டிக்கிச்சு" என்பார். மெல்ல மெல்லச் சிரிக்கவும் ஆரம்பித்தார். பாதிநாள் வேலைக்குப் போனார்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. காலையில் எழுந்ததும் ஆளுக்கொருவருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எழுந்துவிட்டேன், இருக்கிறேன் என்று அர்த்தம். எடுத்துப் பேசக் கூடாது. பேச்சென்றால் பாதிப் பேர் ஃபோன் பக்கமே போகமாட்டார்கள். கால் வராவிட்டால் எல்லோருமாக வீட்டுக்கே போய்விடுவோம். தையல்கார அக்கா வீட்டுக்கு ஒருதரம் அப்படிப் போனபோது தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா எங்களைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் கதவைத் திறந்தாள்.

லிஃப்ட்காரர் மிஸ்டு கால் கொடுக்க வேண்டியது எனக்கு. தவறாமல் வந்தது. கூட்டத்துக்கு அவர் வராத ஞாயிறுகளில்கூட வந்தது. "வேலை நெருக்கடி" என்று மனைவி சொன்னாள். கால்தான் வருகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு காலை, அவர் கால் அடித்துக்கொண்டிருக்கும்போதே மாவுக் கையோடு ஃபோனைத் தள்ளிவைக்கப் போய், விரல் பட்டு எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் மூச்சு.

"யாரு?"

"நான்தாண்ணே... அவரு குளிச்சிட்டிருக்காரு."

குளிக்கிறவன் ஃபோனிலிருந்து இவள் எதற்கு மிஸ்டு கால் கொடுக்கிறாள்? ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

கதவைத் திறந்த அவள் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்க எல்லாரும் வாசல்ல வந்து நின்னா, வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிருவாங்கண்ணே. இவருக்கும் அசிங்கம். ரெண்டு நாள்ல எந்திரிச்சிருவாருன்னுதான் நானே மிஸ்டு கால் அடிச்சு வச்சேன். அப்புறம் நிறுத்தத் தெரியல."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். அவள் அழவில்லை, அழுதிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

உள்ளறையில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தாடி மண்டியிருந்தது. மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. தோளைத் தொட்டேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாண்ணே?" என்றார். "வேணும்னுதான் ஃபோனத் தொடல. என்னால சொல்ல முடியல. அடிக்காம இருந்தா நீங்க வருவீங்கன்னு நெனச்சேன். தெனமும் வாசப் பக்கமே காத வச்சிட்டுக் கெடந்தேன். ஒருத்தரும் வரல. சரி, நாம அவ்வளவுதான்னு விட்டுட்டேன்."

என் பின்னால் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முறைவைத்துப் போய்ப் பார்க்கிறோம். நடந்ததை நான் அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அவள ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. பயந்துட்டா, பாவம்" என்றார்.

"ஆனா அத்தன காலையிலயும் நான் தனியாத்தானே கெடந்தேன்? நீங்க காரணம் சொன்னா அது இல்லன்னு ஆயிருமா?"

ஆகாது. எனக்கு அது தெரியும்.