நாற்பதாவது எட்டில் நட்ட சிவப்புத் துணி

நானும் ஒரு இயற்பியல் வாத்தியாராம், மண்ணாங்கட்டி!

ப்ளஸ் டூ வந்த புதிது. பெரம்பலூர் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எனக்கு வேலை. அன்று சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. கரும்பலகையில் உந்தத்துக்கும் இயக்க ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை எழுதிப்போட்டேன். எடை மாறாத ஒரு வண்டியின் உந்தம் இரண்டு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் எத்தனை மடங்காகும் என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, “ரெண்டு மடங்கு சார்” என்றாள். எனக்கு மூக்கின் மேல் கோபம். “நாலு மடங்கு! உந்தத்தோட வர்க்கம்னு இப்பத்தானே தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன்?” என்று வகுப்பு முடியும்வரை அவளை நிற்க வைத்தேன்.

மத்தியானம் குன்னத்துப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா புருஷனை இழந்தவள். தன் பத்து வயசிலிருந்து அடுத்தவர் காட்டில் களையெடுத்து என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். இப்போது கொஞ்சம் சொந்தக் காடு, சோளம் போட்டிருந்தாள். அந்தக் காட்டை உழுவதைத் தவிர மற்ற வேலை எல்லாம் அவளுடைய இரண்டு கால்களில்தான் நடந்தது.

எங்கள் பக்கம் சோளக்கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் மணி உதிர்ந்துவிடும். கதிரிலிருந்து பஸ் வரும் பக்கமாக இருபது எட்டு நடந்துபோய் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நடுவோம். துணிக்கு நேரே வந்ததும் டிரைவர் பிரேக் போடுவார். கதிரின் விளிம்பில் பஸ் நிற்கும். புரட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் ஒதுங்கியதும் மெல்லக் கதிர்மேல் ஏற்றி ஓட்டிக்கொண்டு போவார். வருஷக்கணக்காக ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அந்த வருஷம் குண்டும் குழியுமாக இருந்த ரோட்டுக்குப் புதுத் தார் போட்டிருந்தார்கள். அக்கா கையில் குச்சியோடு நின்றாள்.

“தம்பி, அதே பஸ்ஸுதான், இப்ப ரெண்டு மடங்கு வேகத்துல பறக்குறான். துணிய எங்க நடுறது? நீதான் படிச்சவன், பாத்துச் சொல்லு.”

யோசிக்கக்கூட இல்லை. “வேகம் ரெண்டு மடங்குன்னா தூரமும் ரெண்டு மடங்கு. நாப்பது எட்டுல நடு” என்றேன். நானே எட்டிப்போட்டு அளந்து, நானே நட்டேன். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரியிடம், “என் தம்பி கணக்குப் போட்டு வெச்சிருக்கான்” என்று சொல்லிவிட்டு, பஸ் வரும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கதிரைப் புரட்டக் குனிந்தாள்.

பஸ் வந்தது. துணிக்கு நேரே வந்ததும் பிரேக் சத்தம் கிறீச்சென்று கேட்டது. நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நிற்கவில்லை. கதிரின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. “அக்கா!” என்று கத்தினேனா இல்லையா, இன்றுவரை தெரியாது. அவள் திரும்பிப் பக்கவாட்டில் பாய்ந்தாள். உடம்பு தப்பியது. வலது கால் தப்பவில்லை.

ஐயோ, அந்த ரத்தத்தையும் சோளத்தையும்... வேண்டாம்.

நாலு பேர் அக்காவை அதே பஸ்ஸில் தூக்கி ஏற்றினார்கள். நான் டிரைவரின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் துணி இருந்த பக்கம் கை காட்டினார்.

“துணி நட்ட எடத்துலயே அமுக்கிட்டேன் சார். பஸ்ஸுல இருக்குறவங்களக் கேளுங்க. நிக்கல சார்!”

“ஆமாங்க, நாங்கெல்லாம் முன்னாடி போயி முட்டிக்கிட்டோம்” என்றார் ஜன்னலோரம் நெற்றி வீங்கிய ஒரு பெரியவர். திரும்பிப் பார்த்தேன். துணியிலிருந்து டயர் தேய்ந்த கறுப்புக் கோடு நேராக ஓடி வந்திருந்தது. நாற்பது எட்டைப் போல இரண்டு மடங்கு நீளம் இருந்தது அந்தக் கோடு. என் கை தானாகச் சட்டையை விட்டது. நாலு மடங்கு! காலையில் நான் கத்திய கத்தல் என் காதிலேயே கேட்டது. மரத்துப்போய் பஸ்ஸில் ஏறினேன்.

திருச்சி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்துத்தான் அக்கா அந்தப் பேச்சை எடுத்தாள்.

“டிரைவர் மேல குத்தமில்லன்னு எழுதிக் குடுத்தியாமே. அப்ப கணக்கு எங்கடா தப்பாப் போச்சு?”

“வேகம் ரெண்டு மடங்கானா பஸ்ஸோட உந்தம் ரெண்டு மடங்குதான்க்கா ஆவும். அத மட்டும் நெனச்சுட்டேன். ஆனா பிரேக்கு தின்னு தீக்க வேண்டியது அதோட ஆற்றல. அது நாலு மடங்கா ஏறிடும். எம்பது எட்டுல நட்டுருக்கணும்.”

அவள் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தாள். இருபது, நாற்பது, எண்பது. புரிந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

“பாவம், இது உனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுதா?” என்று என் கையைப் பிடித்தாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“இல்லக்கா. அன்னைக்குக் காலையிலதான் இதப் பாடம் நடத்துனேன்.”

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. பஸ் கதிருக்குள் வந்தபோது திரும்பினாளே, அதே முகம். கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

“தெரிஞ்சுமாடா சொல்லல?”