கலைமதி அக்காவின் பன்னிரண்டு படங்கள்

கலைமதி அக்கா மழையை வரைந்தால் மரக்காணத்தில் உப்பு கரையும். போன ஆடியில் அவள் வரைந்த ஒரே ஒரு படத்தால் மூன்று பாத்தி உப்பு தண்ணீராகப் போனது. அந்தத் தாளின் மேல் கேஸ் போட முடியுமா என்று உப்பள முதலாளி வக்கீலிடம் போய்க் கேட்டார். அவள் வரைந்த கொக்கு ஒன்று தாளை விட்டு இறங்கி, கழுவெளி ஏரியில் மீன் பிடித்துத் தின்றுவிட்டுத் திரும்பி வந்து நின்றுகொண்டது. தாளில் இன்னும் கவிச்சி அடிக்கிறது. நம்பாதவர்கள் முகர்ந்து பார்க்கலாம்.

இவ்வளவு புளுகிய பிறகு உண்மையைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. பதினெட்டு வருடமாக உப்பளத்தில் பலகை பிடிக்கிறாள். விளைந்த உப்பைப் பலகையால் இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வரப்பில் சேர்க்கிற வேலை. மத்தியானம் கொட்டகையில் சோறு தின்று கை கழுவியதும் பால்பாயிண்ட் பேனாவை எடுத்துவிடுவாள். அவள் அழுத்துகிற அழுத்தில் தாளின் பின்பக்கம் கோடெல்லாம் புடைத்து நிற்கும். நான் சிலம்பரசன். பத்தாவதில் கணக்கோடு சண்டை போட்டு வெளியே வந்து, அதே உப்பளத்தில் மூட்டை தைக்கிறேன்.

வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் பக்கத்து ஆட்கள் சேர்ந்து ‘வெண்பாத்தி’ என்று ஒரு புத்தகம் போடுகிறார்கள். மீன் விற்கிறவர், டெய்லர், ஆரோவில்லில் தோட்ட வேலை பார்க்கிறவர் எல்லாரும் கதை எழுதுவார்கள். யாருக்கும் கூலி கிடையாது. விற்று வருவது முழுவதும், குப்பம் குப்பமாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கிற லோடு ஆட்டோவுக்குத்தான். நடத்துகிறவர் பஞ்சநாதன் சார், பஸ் கண்டக்டர். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. யாரைப் பற்றி எழுதினாலும் அவரிடமே முழுசாக வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால்தான் அச்சு. எழுதப்படுகிறவர்களில் பாதிப் பேர் படிக்காதவர்கள், அதனால்தான்.

இந்த வருடப் புத்தகத்துக்குப் பன்னிரண்டு படமும் அக்கா பொறுப்பு.

நாலாவது படம், உப்புக் கூடை சுமக்கிற ஒரு பெண். அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அந்தப் பெண்ணுக்கு அவசரத்தில் அழுத்தி ஒரு முறுக்கு மீசை வைத்தேன். தாளில் ஒரு புள்ளி கூடினாலும் பலகையைத் தூக்கிக்கொண்டு துரத்துகிறவள் அவள். ஓடுவதற்குத் தயாராக நின்றேன். வந்தாள், தாளைப் பார்த்தாள், கீழே பெயரெழுதிப் பையில் வைத்தாள். மீசை அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு கவனித்தேன். குனிந்து குனிந்து வரைந்து அவள் மூக்கு நுனியில் மை ஒட்டியிருந்தது. பின்னால் நடக்கும்போது குதிகாலால் வரப்பைத் தேடிப் பார்த்துக் கால் வைத்தாள். டீ டம்ளருக்குக் கை நேராகப் போகாமல் தரையைத் தடவிக்கொண்டு போனது. பாத்தி முழுக்க வெள்ளை வெயில். அந்த வெள்ளை அவளை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிற மாதிரி இருந்தது.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும்.

“மேகம் மூடுதா?” என்றாள்.

உப்பளத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சும்மா சொல்வதில்லை. கேட்டவுடன் ஏழெட்டுப் பேர் பலகையைப் போட்டுவிட்டு, குவியலை மூடுகிற தென்னங்கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எல்லாரையும் ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறாள் என்று திட்டிக்கொண்டே சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். நான் சிரிக்காததை மட்டும் எப்படியோ தெரிந்துகொண்டாள்.

அன்றைக்கு மத்தியானம் இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்து, வாசிக்கச் சொன்னாள். கண் முகாமில் எழுதிக் கொடுத்தது. வலது கண்ணில் வளர்ந்த சதை கருவிழியை மூடிவிட்டது, இடது கண்ணிலும் ஏறுகிறது, இந்த மாதத்துக்குள் ஆபரேஷனுக்கு வர வேண்டும், தாமதித்தால் பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது. மாதத்தைப் பார்த்தேன். அது முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது.

“சார்கிட்ட வாயத் தொறந்த, உப்புக்குள்ள போட்டுப் பொதைச்சிடுவேன்” என்றாள். “தெரிஞ்சா படத்த வேற யாருக்கினா குடுத்துடுவாரு. பன்னெண்டும் முடியட்டும், போறேன்.”

அப்போது ஏழு முடிந்திருந்தது. முன்பெல்லாம் ஒரு படத்துக்கு மூன்று நாள். ஏழாவதற்குப் பதினொரு நாள் எடுத்தாள். எட்டும் ஒன்பதும் முடிந்தபோது இடது கண்ணிலும் வெள்ளை நன்றாகவே தெரிந்தது.

அதனால் நான் இரண்டு பொய் சொன்னேன். ஒன்பது படம் போதும் என்று சார் சொல்லிவிட்டதாக அக்காவிடம் சொன்னேன். மிச்சம் மூன்றையும் நானே வரைந்து, அக்கா கொடுத்தது என்று சாரிடம் சொன்னேன். சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, திண்டிவனம் அச்சகத்தில் சேர்த்துவிடு என்று பன்னிரண்டையும் ஒரு பையில் போட்டு என்னிடமே கொடுத்தார். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒன்பது போதும் என்றதை அவள் நம்பவில்லையோ என்னவோ.

மேலே இருப்பதுதான் ‘வெண்பாத்தி’க்கு நான் எழுதிய கட்டுரை. சாரின் சட்டப்படி கொட்டகையில் உட்கார்ந்து அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கொக்கு வந்த இடத்தில் அக்கா சிரித்தாள். மீசைக்கு முன்னாலேயே நிறுத்தி, தாள்களைப் புரட்டி, கடைசியில் ‘வாழ்க’ என்று ஒரு வார்த்தை சேர்த்து முடித்தேன்.

“ஒரு தாள் வாசிச்ச, நாலு தாள் பெரட்டுன” என்றாள். “பையக் குடு.”

கொடுத்தேன். படங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். நாலாவதில் மீசை இருந்த இடத்தில் விரல் நின்றது, ஒரு மாதிரி என் பக்கம் திரும்பிவிட்டு அடுத்ததை எடுத்தாள். பத்தாவது வழவழ என்றிருந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே. பன்னிரண்டாவதை இடது கண்ணுக்கு ஒட்ட வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஏன்டா, பலகை புடிக்கிறவ முன்னால நடப்பாளா? அவளுக்கு வீட்டுக்குப் போவ அவ்ளோ அவசரமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“மறைச்சத வாசி.”

முழுசாக வாசித்தேன். அக்கா படங்களைத் தட்டி அடுக்கிப் பையில் போட்டாள்.

“அச்சுக்குக் குடு. அந்த மூணு படத்துல உன் பேரப் போடு.”

“போட்டா சாருக்குத் தெரிஞ்சிடும்க்கா.”

“தெரியட்டும். நாளைக்கு மொத பஸ்ல பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போலாம். நீதான் கூட வரணும்.” கொஞ்சம் நிறுத்தி, “லேட்டாயிடுச்சின்னு டாக்டர் சொன்னா, அத மட்டும் மறைக்காம வாசி” என்றாள்.

சரி என்றேன். எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கினாள்.

“மேகம் இருக்குதாடா?”

கடல் பக்கம் பார்த்தேன். எக்கியார்குப்பத்துக்கு மேலே கருப்பாகக் கூடியிருந்தது. உப்புக் குவியல் எதையும் இன்னும் மூடவில்லை. இன்றைக்கு அவளுக்கு இதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

“இல்லக்கா. பளிச்சின்னு இருக்குது.”

அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

“பொய்யி. காத்துல ஈரம் வருது. ஓடு, கீத்தப் போடு.”